பெயின்ற் அடிக்க முன்

வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தம் முடிந்து திரும்பி வரும்போது அப்பாவின் கார் பனையில் மோதியது. 1979 புரட்டாதி. எனக்குப் பன்னிரண்டு வயது. எதிரே வந்த மாட்டு வண்டிக்கு இடம் விடப்போய், வீதிக்கரை மணலில் ரயர் இழுபட்டு, பிறேக் பிடித்தும் நில்லாமல் போய் முட்டியது. ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அம்மாவின் மடியிலிருந்த தீர்த்தச் செம்பு நசிந்தது. இடப்பக்க மட்காட் மடிந்து ரயரோடு ஒட்டிக்கொண்டது. பொனற் வாய் பிளந்தது. முன் லைற் ஒன்று வயரில் தொங்கியது.

அது ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். இங்கிலாந்தில் லோங்பிறிஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை மட்டும் செய்த மொடல். 1200 சிசி எஞ்சின், உருண்டு திரண்ட உடம்பு. சுன்னாகம் சந்தியில் நிறுத்தி அப்பா அதை ஹயர் ஓடினார். எங்கள் வீட்டில் உலை ஏறியது அந்தக் காரால்தான்.

எங்கே கொண்டுபோய்த் திருத்துவது என்ற பேச்சே அன்று எழவில்லை. கோண்டாவில் பக்கத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டிருந்த ரிங்கர் அண்ணைக்கு ஆள் அனுப்பினார் அப்பா, அவ்வளவுதான். இ.போ.ச. சாலையில் பஸ்களுக்குத் தகட்டு வேலை செய்து பழகியவர். அவர் சைக்கிளில், பின் கரியரில் அலவாங்கைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் வந்தார். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கீழே படுத்துப் பார்த்தார். மட்காட்டை அலவாங்கால் நெம்பி ரயரை விடுவித்துவிட்டு, "அண்ணை, மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வாங்கோ. செஸி கொஞ்சம் இழுபட்டிருக்கு. எடுக்கலாம்" என்றார். அந்த 'எடுக்கலாம்' என்ற ஒரு சொல்லில் அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

44 வருடம் கழித்து, 2023இல், மிருசுவிலுக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஏ-9 வீதியில், இரவு எட்டு மணிக்கு, என்னுடைய கார் மாட்டில் மோதியது. மாடு எழும்பிப் போய்விட்டது. என் காரின் முன்பக்கம் போய்விட்டது. ஸ்ரேறிங்கிலிருந்தும் டாஷ்போட்டிலிருந்தும் எயார்பாக் வெடித்து வந்து முகத்தில் அடித்தது. காருக்குள் வெள்ளைத் தூள், வெடி மருந்து மணம். நான் இறங்கி வீதிக்கரையில் இருந்தபடி முதலில் கேட்ட கேள்வி, "இதை இனி எங்கை கொண்டுபோறது?" கூடி நின்ற ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு கராச்சைச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் அடிபட்ட காரைத் திருத்துவது எப்படி இருந்தது, எப்படி ஆகிவிட்டது என்பதை இந்த இரண்டு விபத்துகளையும் வைத்தே என்னால் சொல்ல முடியும்.

எங்கள் நாட்டில் ஓடுகிற கார் ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் அப்பாவின் காலத்தில் 'வெளியிலிருந்து' என்றால் கப்பலில் ஒருமுறை வந்தது, அவ்வளவுதான். 1960களில் அந்நியச் செலாவணி முடையில் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன் வந்திறங்கிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தான் தலைமுறை தலைமுறையாக ஓடின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு யப்பான் கார்கள் வரத் தொடங்கியபோதும், சந்திகளில் ஹயருக்கு நின்றவை இந்தக் கிழவன்கள்தான். பிறந்த ஊரில் மறந்துபோன கார்களை எங்கள் ஆட்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் திருத்துகிறவர்கள், தங்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தார்கள் என்றால், இந்தக் கைகளின் பெறுமதி விளங்கும்.

ரிங்கர் அண்ணையின் கொட்டிலுக்குக் கதவு இல்லை. கார் கொடுத்தவர் விடியத் தேத்தண்ணியோடு வந்து மரத்தடி வாங்கிலில் இருப்பார், பொழுதுபட எழும்புவார். அப்பாவும் அப்படித்தான் ஐந்து கிழமை இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். சோமர்செற்றுக்குச் செஸி வேறு, மேல் உடம்பு வேறு. இழுபட்ட செஸியின் ஒரு பக்கத்தை வேப்பமரத்தோடு பிணைத்து, மறுபக்கத்தில் செயின் புளொக் போட்டு, வளைந்த இடத்தைக் காஸ் ரோச்சால் சிவக்கக் காய்ச்சி, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு ரிங்கர் அண்ணை நூல் பிடிப்பார். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஒரு நூல், மற்றக் குறுக்குக்கு இன்னொன்று. இரண்டு நூலும் ஒரே நீளம் வரும்வரை அவர் ஒருவரோடும் பேசமாட்டார்.

நான் மறக்காதது அவருடைய உள்ளங்கை. மட்காட்டைக் கழற்றி, உள்ளே டொலியைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தபிறகு, ஒரு பழைய வேட்டித் துண்டை உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் மேல் மெல்லத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும், வெறுங்கைக்குத் தெரியாதது துணிக்குக் கீழே தெரியும் என்பார். தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கை நிற்கும். "பிள்ளை, இதிலை ஒரு வட்டம் போடு." என் கையில் சோக்கட்டி. நான் வட்டம் போடுவேன். அவர் அந்த வட்டத்துக்குள் நாலு தட்டுத் தட்டுவார். திரும்பத் தடவுவார். என் வட்டத்தைத் துணியால் அழித்துவிட்டுச் சிரிப்பார்.

முன் கிறில்லும் லைற் வளையமும் இங்கே கிடைக்கவில்லை. அப்பா இரவு மெயில் எடுத்துக் கொழும்புக்குப் போய், மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தையில் நாலு நாள் கடை கடையாக ஏறி இறங்கிக் கொண்டுவந்தார். இன்றும் இலங்கையில் கார் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். அது ஒன்று மாறவில்லை.

காசு? 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி கட்டாயம். அப்பா வைத்திருந்ததும் அதுதான். பனையில் மோதியதற்கு அதில் ஒரு சதமும் வராது. அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்குப் போய், அடுத்த தைப்பொங்கலுக்கு ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தைப் பொன்னாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் காரில் சீற் பெல்ற் இல்லை. கொஞ்சம் வேகமாக மோதியிருந்தால் ஸ்ரேறிங் தண்டு அப்பாவின் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும். காய்ச்சி இழுத்த இரும்பு பழைய பலத்தோடு இருந்ததா என்று அளக்க ஒரு கருவியும் இல்லை. ரிங்கர் அண்ணை முப்பது வருடம் முகத்தில் துணி கூடக் கட்டாமல் பெயின்ற் ஸ்பிறே அடித்தார். கடைசிக் காலத்தில் பத்து அடி நடக்க மூன்று தரம் நின்றார். மூச்சு வருத்தத்தில்தான் செத்தார். அவருடைய கையைப் பற்றி எழுதும்போது அவருடைய நெஞ்சையும் எழுதத்தான் வேண்டும்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் பெற்றோல் வரவில்லை, பற்றறி வரவில்லை, சாமான் எதுவும் வரவில்லை. பொருளாதாரத் தடை. அப்போதுதான் இந்தக் கிழட்டுக் கார்கள் தங்கள் குணத்தைக் காட்டின. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் மண்ணெண்ணெய் குடித்தும் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அடுப்பு மணமும் முன்னே வர, பின்னால் கார் வரும். பற்றறி சோர்ந்திருந்தால் முன்னுக்கு ஹாண்டில் போட்டுச் சுத்துவார்கள்.

1992இல் ஒரு இரவு, பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார் அப்பா. ஹெலிக்குப் பயந்து லைற் போடாமல் ஓடினார். மதகுக் கட்டில் மோதி அதே இடது மட்காட் கிழிந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. மட்காட்டுக்கு மாற்று எங்கே? ரிங்கர் அண்ணை எண்ணெய்ப் பீப்பா ஒன்றை வெட்டி, மடித்து, தட்டி, ஒரு மட்காட் செய்தார். உருண்டை சரியாக வந்தது. அடிக்கப் பெயின்ற் இல்லை. பீப்பாவிலிருந்த இங்கிலிஸ் எழுத்துகள் தலைகீழாக அப்படியே தெரிய, கார் ஓடியது. கலியாணங்களுக்கு மாப்பிளை அழைக்கப் போகும்போது மட்டும் அப்பா அதன்மேல் ஒரு மாலையைப் போட்டு மறைப்பார். எங்கே அடிபட்டது, என்னத்தால் ஒட்டுப்போட்டது என்று ஊரே வாசிக்கக் கூடியதாக ஓடிய கார் அது. இன்றைக்கு அதை நினைக்கும்போது அந்தக் காருக்கு நான் கொடுக்கும் பெரிய மரியாதை அதுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நடந்தபோது, அந்தக் கார் அம்மம்மாவையும் இரண்டு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மீசாலையில் ஒரு வளவில் விட்டோம். அதன் பிறகு அது எங்களிடம் திரும்பி வரவில்லை. எஞ்சினை ஆரோ தோட்டத்துக்கு நீர் இறைக்கக் கழற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது.

2002 சித்திரையில் ஏ-9 திறந்தது. 2006இல் பூட்டியது. 2009க்குப் பிறகு மறுபடி திறந்தபோது, தெற்கிலிருந்து வந்தவற்றில் முதலில் கண்ணில் பட்டவை லீசிங் கொம்பனிகளின் விளம்பரப் பலகைகளும், யப்பானில் ஓடிக் கழித்து ரிகண்டிஷன் என்ற பெயரில் இறங்கிய கார்களும். ஸ்ரான்லி வீதியில் சாமான் கடைகள் நிறைந்தன. சீட்டுக் காசையும் கனடாவிலிருந்து தம்பி அனுப்பியதையும் சேர்த்து 2016இல் நானும் ஒன்று எடுத்தேன். ரொயோட்டா அக்குவா, ஹைபிரிட். விற்றவர் யப்பான் ஏலத் தாளின் பிரதி ஒன்றைக் காட்டினார். தரம் 4.5 என்று போட்டிருந்தது. எனக்கு அது பள்ளிக்கூடப் புள்ளி மாதிரி. நல்ல புள்ளி என்று வாங்கினேன்.

மாட்டில் மோதிய இரவுக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்புறுதிக் கொம்பனிக்கு அடித்தேன். அரை மணித்தியாலத்தில் மோட்டார்சைக்கிளில் ஒரு பொடியன் வந்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். தங்கள் பட்டியலில் உள்ள கராச்சுக்குக் கொடுத்தால் காசு நேரே அவர்களுக்குப் போகும், எனக்கு அலைச்சல் இல்லை என்றார்கள். வாகன இறக்குமதி 2020 பங்குனியிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த காலம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதில் சாமான் விலை எல்லாம் கிறுகிறுத்தது. எனக்கும் வேறு வழி தேட மனமில்லை. கொடுத்தேன்.

பளிங்குத் தரை போட்ட கராச். வரவேற்பில் குளிரூட்டி. பஃபரைக் கழற்றாமலே இருபது நிமிடத்தில் மதிப்பீடு அடித்தார்கள். கழற்றும்போது நானும் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "கஸ்ரமர் உள்ளுக்கு வரேலாது ரீச்சர். பாதுகாப்புப் பிரச்சினை" என்றார்கள். அதுவும் நியாயமாகவே பட்டது. மூன்று கிழமையில் கார் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புதுக் கார் மாதிரி மினுங்கியது. டாஷ்போட்டுக்கு மேலே கறுப்பு ரெக்சின் கூட ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது ஒரு உபசாரமாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்த பையன் ஒருவன் வீதியில் கண்டு காரில் ஏறினான். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து, இருபாலைப் பக்கம் இரண்டு பேரோடு சேர்ந்து சின்னதாகக் கராச் வைத்திருக்கிறான். நான் பட்டனை அமத்தினேன். அவன் டாஷ்போட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரீச்சர், ஒருக்கா நூத்துப்போட்டுத் திரும்பப் போடுங்கோ."

போட்டேன்.

"எயார்பாக் லைற் எரியேல்லை."

"எரியாட்டி நல்லதுதானே?"

"இல்லை ரீச்சர். ஸ்ராட் பண்ணேக்கை அது சில செக்கன் எரிஞ்சு நூரோணும். தன்னைத் தானே பரிசோதிக்கிறது. எரிஞ்சபடி நிண்டால் பிழை. எரியாமலே இருந்தால் ஆரோ அதைக் கழட்டி விட்டிருக்கினம்."

அடுத்த நாள் அவனுடைய கராச்சில், என் கண் முன்னால், ஸ்ரேறிங்கைத் திறந்தான். முதலில் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் சின்னப் பற்றறியின் வயரைக் கழற்றினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தொண்ணூறு செக்கன் பொறுக்கோணும் ரீச்சர். உள்ளை மிச்சமாக் கிடக்கிற கறண்டிலை வெடிச்சாலும் வெடிக்கும்." போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வகுப்பில் ஒரு கணக்குக்கும் பொறுமையாக இராத பையன். தொண்ணூறு செக்கனும் முடிந்தபிறகு பக்கவாட்டு ஆணிகளைத் தளர்த்தி, நடு மூடியை இழுத்தான். கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எயார்பாக் இருக்க வேண்டிய இடம் வெறும் குழி. வயர் முனையில் கறுப்பு ரேப் சுற்றி ஒரு ஓரத்தில் செருகியிருந்தது. எனக்குச் செய்த உபசாரம் என்று நான் நினைத்த ரெக்சினை ஒரு மூலையில் உரித்தான். கீழே வெடிப்பு அப்படியே கிடந்தது. மற்ற எயார்பாக்கும் இல்லை. ஸ்கானரைக் கொழுவினால், அந்த இரவு நடந்த மோதலின் பதிவு கொம்பியூற்றரில் அழியாமல் இருந்தது. மதிப்பீட்டுத் தாளிலோ இரண்டு எயார்பாக்கும் புதிது என்று விலை போட்டிருந்தது.

நான் இரண்டு மாதம் பேத்தியை முன் சீற்றில் இருத்திக்கொண்டு அந்தக் காரில் ஓடினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பிறகு பஃபரைக் கழற்றினான். பஃபர் என்பது வெறும் பிளாஸ்ரிக் முகமூடி. அதற்குப் பின்னால் ஒரு நுரைக் கட்டை, அதற்குப் பின்னால் குறுக்காக ஒரு வளை. அடியை முதலில் வாங்குவது அந்த வளைதான். அது மாற்றப்படவில்லை. காய்ச்சி நிமிர்த்தியிருந்தார்கள். நீலமும் பழுப்புமாகச் சூட்டின் அடையாளம் பெயின்றுக்குக் கீழே தெரிந்தது. அப்பாவின் சோமர்செற்றில் செய்தது சரி. அது தடித்த இரும்பு, தனிச் செஸி. இந்தக் கார்களில் உடம்பே செஸி. மெல்லிய, ஆனால் மிகப் பலமான விசேட உருக்கு. ரோச் சூடு பட்டால் அதன் பலமே போய்விடும். முன்பக்கம் இன்ன மாதிரித்தான் நசிய வேண்டும், அதற்குப் பின்னால் மனிதர் இருக்கும் கூடு நசியக் கூடாது என்று கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பலம் போன வளை அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். பார்வைக்கு மட்டும் ஒரு குறையும் தெரியாது.

அவன் இன்னும் ஒன்றைக் காட்டினான். வலப்பக்கம், லைற்றுக்குப் பின்னால், தகடு இரண்டும் பொருந்தும் ஓரம். "பாருங்கோ ரீச்சர், இடப்பக்கத்திலை வெல்ட் பொட்டுகள் ஒரே இடைவெளியிலை வருது. இஞ்சாலை அப்பிடி இல்லை. இது இஞ்சை செய்ததுமில்லை, இப்ப செய்ததுமில்லை. யப்பானிலை." செஸி நம்பரைக் கொடுத்து உண்மையான ஏலத் தாளை எடுத்தோம். தரம் 4.5 இல்லை; ஆர். விபத்தில் திருத்தப்பட்டது என்று அர்த்தம். தாளில் காரின் கோட்டுப்படம் ஒன்று இருக்கும். அதன் வலது முன் மட்காட்டில் இரண்டு எக்ஸ், அது மாற்றப்பட்டது. கதவில் டபிள்யூ, பக்கத்தில் 2. அது திருத்திய அலை தெரிகிறது என்பது. யப்பான்காரன் ஒளிக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறான். இடையில் எங்கேயோ ஒரு கை தாளை மாற்றியிருக்கிறது. விற்றவரைத் தேடிப்போனேன், அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை.

காப்புறுதிக் கொம்பனிக்கு எழுதினேன். திறந்த ஸ்ரேறிங்கை மூடவிடாமல் அப்படியே வைத்து, அவர்களுடைய பொறியியலாளரை வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் படமெடுத்தார். நாலு மாத இழுபறிக்குப் பிறகு காசு திரும்பியது. யப்பானில் கழற்றிய பழைய எயார்பாக் பஞ்சிகாவத்தையில் குறைந்த விலைக்கு இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்றேன். எந்தக் காரில் இருந்தது, தண்ணீருக்குள் கிடந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியாத பொருளைப் பேத்தியின் முகத்துக்கு முன்னால் வைக்க எனக்கு மனமில்லை. காரின் மொடல் எண்ணையும் செஸி நம்பரையும் கொடுத்து, ரொயோட்டாவின் பத்து இலக்க உதிரி எண்ணைச் சரிபார்த்து, புதிது எடுப்பித்தோம். வர இரண்டு மாதம் சென்றது. அதுவரை பஸ்ஸில் போனேன்.

முதல் கராச்சில் வேலை செய்த பொடியன்மாரில் எனக்குக் கோபமில்லை. எத்தனை கார் வெளியே போகிறது என்பதில்தான் அவர்களுடைய சம்பளம். மதிப்பீட்டாளருக்குத் தொகை குறைய வேண்டும், கராச்சுக்கு நாள் குறைய வேண்டும், என்னைப் போன்றவருக்குக் கார் மினுங்க வேண்டும். மூன்று பேரும் பெயின்றைப் பார்த்தோம். பெயின்றுக்குக் கீழே பார்க்கிற வேலை ஒருவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ரிங்கர் அண்ணையின் கொட்டிலில் அந்த வேலையை வாங்கிலில் இருந்த அப்பா செய்தார். அவர் இருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

இப்போது ஊரில் கார் அடிபட்டால் என்னிடமும் கேட்கிறார்கள், ரீச்சர் எங்கை கொடுக்கலாம் என்று. நான் கராச்சின் பெயரைச் சொல்லுவதில்லை. போய், கழற்றும்போது நிற்க விடுவீர்களா என்று கேளுங்கள் என்பேன். கழற்றாமல் விலை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மாற்றிய பழைய சாமானைத் தரச் சொல்லுங்கள். நசிந்த வளையையும் வெடித்த எயார்பாக்கையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், எறிவதென்றால் நீங்களே எறியுங்கள். ஹைபிரிட் என்றால், செம்மஞ்சள் வயரைத் தொட முன் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பின்னால் இருக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மீற்றர் வைத்துப் பார்ப்போம் என்று அவர் சொல்ல வேண்டும். என் அக்குவாவின் பெரிய பற்றறி 144 வோல்ற், விளையாட்டில்லை. கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். சந்தோசப்பட்டு எழும்பி வந்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கொட்டிலில் இருந்தாலும் இருப்பார்கள், பளிங்குத் தரையில் இருந்தாலும் இருப்பார்கள்.

2025 மாசியில் கார் இறக்குமதி மீண்டும் திறந்தது. புதிதாக இறங்குகிறவற்றில் முன் கண்ணாடிக்குப் பின்னால் கமரா, சிலவற்றில் முன்பக்கத்துக்குள் ராடர். தானாகப் பிறேக் பிடிக்கிற கார். கண்ணாடியை மாற்றினால் அந்தக் கமராவுக்கு நேர் எது, கோணல் எது என்று திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குச் சமதரை வேண்டும், அளந்து நிறுத்திய குறிப்பலகை வேண்டும், கொம்பியூற்றர் வேண்டும். என் மாணவன் அந்தக் கருவிக்குக் காசு சேர்க்கிறான். பலகையை எங்கே நிறுத்துவது என்று காரின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க இப்போதே பழகுகிறான். போன மாதம் போனபோது, காரின் முன்னும் பின்னும் குண்டு கட்டித் தொங்கவிட்டு, நிலத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் பேசாமல் நின்று பார்த்தேன்.

இதற்கெல்லாம் முந்தி, அவனிடம் விட்டிருந்த என் காரின் வேலை முடியும் கட்டத்தில் ஒரு பின்னேரம் அவன் அடித்தான். "ரீச்சர், நாளைக்குப் பெயின்ற். அதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ."

போனேன். புது வளை பூட்டி, அதன் உதிரி எண் தெரியும்படி வைத்திருந்தான். மட்காட்டில் சாம்பல் நிறப் பிறைமர். ஒரு மூலையில் பழைய சாமான்கள் என் பெயர் எழுதிய பெட்டியில். மட்காட்டுக்குக் கிட்டப் போய், கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தடவினேன். அவன் என்னவென்று கேட்கவில்லை. லைற்றுக்குச் சற்று மேலே கை நின்றது. ஒரு மயிரளவு.

"தம்பி, சோக்கட்டி இருக்கே?"

மேசையிலிருந்து எடுத்து வந்து தந்தான். வட்டம் போட்டேன். அவன் தன் கையை வைத்தான், ஒன்றும் தெரியவில்லை. லேஞ்சியைக் கொடுத்தேன். அதை வைத்துத் திரும்பத் தடவினான்.

"ஓம் ரீச்சர். இருக்கு" என்றுவிட்டு, அரத்தாளைத் தண்ணீரில் தோய்த்தான்.